கரைவலைக் கயிற்றுத் தடையை நீக்கக் கோரி, தடை கேட்டவரே எழுதும் மனு

அனுப்புநர்
ச. கண்ணகி, எம்.எஸ்சி., எம்.ஃபில்.,
(வேதியியல் இணைப் பேராசிரியர், தனியார் கல்லூரி, படூர்)
கதவு எண் 3-பி, வெண்மணல் குடியிருப்பு,
கடற்கரைச் சாலை, பனைமேட்டுக்குப்பம்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு செயல் அலுவலர் அவர்கள்,
பேரூராட்சி அலுவலகம்,
பனைமேட்டுக்குப்பம்.

பொருள்: கரைவலை இழுத்தல் – நாற்பத்தைந்து வயதைக் கடந்தோர் கயிற்றைத் தொடத் தடை – தடை கோரிய மனுதாரரே தம் தவற்றை ஒப்புக்கொண்டு, தடையை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. என் மனு, நாள் 11.07.2025.
2. தங்கள் அலுவலக ஆணை, நாள் 15.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வை ஒன்றில் கண்ட மனுவை எழுதியவள் நான். நாற்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் கரைவலைக் கயிறு இழுப்பது உயிருக்கு ஆபத்து என்றும், அதை உடனே தடை செய்ய வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தேன். நான்காம் நாள் தாங்கள் ஆணை பிறப்பித்தீர்கள். ஐந்தாம் நாள் காலை மணலில் பலகை நின்றது. எங்கள் தெருவிளக்குக்காக மூன்று ஆண்டுகளாக எழுதி வருபவள் என்பதால் இந்த விரைவை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு வாரம் தாமதமாகியிருந்தால் அந்த மனுவை நானே திரும்பப் பெற்றிருப்பேன். தங்கள்மீது எனக்குக் குறையேதும் இல்லை. இம்மனுவில் உள்ள புகார் முழுவதும் என்மீது.

2. என் கணவர் திரு. சதாசிவம், அரசு ஆய்வகம் ஒன்றில் கருவி நுட்பராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு நவம்பரில் செங்கல்பட்டில் மருத்துவர் ஜெஸ்ஸி அவர்கள் இவருடைய கழுத்துத் தமனிகளை ஸ்கேன் செய்து பார்த்து, அவற்றின் சுவர் வயதுக்கு மீறி விறைத்திருப்பதாகச் சொன்னார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தந்தார். அத்துடன், வாரத்தில் ஐந்து நாளாவது, நாளுக்கு அரை மணி நேரம், மூச்சு வாங்கும் அளவுக்கு உடம்பு அசைய வேண்டும் என்றார். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு என்றார்.

3. மருத்துவர்கள் எல்லாருக்கும் நடக்கச் சொல்கிறார்கள் என்பதால் நான் இதை முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு கல்லூரி நூலகத்தில் கிடைத்த ஆய்வுகளைப் படித்தேன். நடுவயதிலும் அதற்குப் பின்னும் தமனிகள் விறைப்பது இயல்பு என்றும், மூச்சு வாங்க வைக்கும் பயிற்சியைத் தொடர்ந்து செய்பவர்களிடம் அவற்றின் உட்படலம் நெகிழ்வோடு இருப்பது பலமுறை காணப்பட்டிருக்கிறது என்றும் அறிந்தேன். பலன் அளவானதுதான். விட்டுவிட்டால் சில வாரங்களில் கரையத் தொடங்கும். இவ்வளவையும் நம்பச் சான்று இருந்தது. ஆகவே அவரை நடக்க அழைத்துச் சென்றேன்.

4. நடைப்பயிற்சி பலிக்கவில்லை. காரணம் சோம்பல் அன்று. என் கணவர் முப்பது ஆண்டுகள் கருவிகளின் ஓசையைக் கேட்டே பழுதைக் கண்டுபிடித்தவர். எங்கேனும் ஒரு மோட்டார் சரியில்லாமல் ஓடினால் அவரால் அதைக் கடந்து போக முடியாது. எங்கள் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒன்பது தண்ணீர் மோட்டார்கள் உள்ளன. ஒவ்வொன்றின் முன்னும் நின்று தலையைச் சாய்த்துக் கேட்பார். "பேரிங் போயிடுச்சு கண்ணகி, ஒரு வாரம் தாங்காது" என்பார். சேர்ந்தாற்போல் நான்கு நிமிடங்களுக்கு மேல் அவர் நடந்ததில்லை. கடிகாரம் வைத்துப் பார்த்ததால் உறுதியாகச் சொல்கிறேன்.

5. கடற்கரையில் மோட்டார்கள் இல்லை என்பதால் பிப்ரவரியில் அங்கே மாற்றினோம். முதல் நாளே அவர் கரைவலைக்கு முன் நின்றுவிட்டார். தாங்கள் அறிந்ததுதான்: படகு வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு வரும், இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். கயிற்றைப் பிடித்தபடி அடி வைத்துப் பின்னால் நடக்க வேண்டும். வரிசையின் கடைசிக்குப் போய்விட்டவர் கயிற்றை விட்டு நீர் விளிம்புக்கு விரைந்து, மறுபடி முன்னால் பிடிக்க வேண்டும். இப்படி ஐம்பது நிமிடம். நிற்கவும் முடியாது, ஓடவும் தேவையில்லை. இவர் பார்த்துக்கொண்டே நின்றார். வலைக்குச் சொந்தக்காரர் திரு. லட்சுமணன், வயது அறுபத்து நான்கு, கயிற்றிலிருந்து கையை எடுக்காமலேயே கூப்பிட்டார்: "இன்னா அண்ணாத்த, டிக்கெட் வாங்கிகினு வந்தியா பாக்கறதுக்கு? ஆளு கொறயுது. வந்து கயித்தப் புடி."

6. என் கணவர் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்குத் திருமணமாகி இருபத்து நான்கு ஆண்டுகள். அவர் யாரோடும் எதிலும் போய்ச் சேர்ந்துகொண்டதை நான் பார்த்ததில்லை. அன்று ஐம்பது நிமிடமும் இழுத்தார். திரும்பி வந்தபோது உள்ளங்கை சிவந்திருந்தது. "அந்தக் கயிறு நல்லா ஓடுது" என்றார். ஒரு கருவிக்கு அவர் தரும் உச்சப் பாராட்டு அதுதான்.

7. அன்று முதல் தினமும் போனார். நானும் கல்லூரிக்குக் கிளம்பும் முன் போய், குறிப்பேடும் இரத்த அழுத்தக் கருவியுமாக மணலில் உட்காருவேன். தினமும் காலையில் மூன்று முறை அளந்து சராசரியை எழுதினேன். ஜனவரியில் 152/94 என இருந்த இரத்த அழுத்தம் ஏப்ரல் இறுதியில் 134/84 ஆனது. ஓய்வு நாடித்துடிப்பு 76-இலிருந்து 64-க்கு இறங்கியது. மூன்றாம் மாடிக்கு நிற்காமல் ஏறினார். மாத்திரையும் தொடர்ந்தது என்பதால் இதில் கயிற்றின் பங்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. ஒரே ஒருவரிடம் எடுத்த அளவு சான்று ஆகாது என்பதையும் அறிவேன். அந்த ஒருவர் என் கணவர் என்பதால் மகிழ்ந்தேன் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

8. குழப்பம் மே மாதம் தொடங்கியது. கரைவலையில் ஒரு வழக்கம் உண்டு. கயிற்றில் கை வைத்தவர் யாராயினும் மீனில் பங்கு உண்டு. பங்கை மறுக்கக் கூடாது. மறுப்பவர் மறுநாள் கயிற்றைத் தொடுவது மரியாதையன்று. திரு. லட்சுமணனின் மனைவி சொர்ணம் அம்மாள்தான் பங்கு பிரிப்பவர். தொடக்கத்தில் ஒரு கை நெத்திலி வந்தது. மே மாதத்தில் வலையின் மடி நிறைந்து வந்ததால் தினம் ஒரு பை நெத்திலியும் காரப்பொடி மீனும் வீட்டுக்கு வந்தன. இருவரால் அவ்வளவு தின்ன முடியாது. கொட்டிவிட மனம் வரவில்லை. அவர் இழுத்துக் கொண்டுவந்த மீன் அது. கருவாடு போடத் தீர்மானித்தேன்.

9. என் பிறந்த ஊர் கூடுவாஞ்சேரி. எனக்குக் கருவாடு போடத் தெரியாது. சொர்ணம் அம்மாளிடம் கேட்டபோது "ஒரு கை உப்புப் போட்டுப் பெரட்டிக் காயவெய்யி" என்றார். கை என்பது அளவு ஆகாது என்று நினைத்தேன். எவர் கை, எவ்வளவு மீனுக்கு என்ற விவரம் அதில் இல்லை. ஆகவே நுண்ணுயிர் வளராமலிருக்கத் தேவையான செறிவை நானே கணக்கிட்டு, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு வீதம் தராசில் நிறுத்துப் போட்டேன். மொட்டைமாடியில் காய்ந்த அந்தக் கருவாடு ஒன்றுகூடக் கெடவில்லை. இதுநாள் வரை கெடவில்லை. சமைக்கும் முன் தண்ணீரில் ஊறவைத்து உப்பை இறக்க வேண்டும் என்பதை நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. அது எல்லாருக்கும் தெரிந்தது என்று அவர் நினைத்திருக்கிறார்.

10. என் கணவர் அதை மிகவும் விரும்பினார். வறுத்துக் கஞ்சிக்கு, சோற்றுக்கு, மாலையில் வெறுமனேயும் சாப்பிட்டார். ஜூன் நடுவில் இரத்த அழுத்தம் 148/92 ஆனது. குறிப்பேட்டில் கோடு ஏறுவதைப் பார்த்துக் கயிற்றைச் சந்தேகித்தேன். "கயிறு இழுக்கறதாலதான் ஏறுது, நிறுத்துங்க" என்றேன். "நல்லா ஓடற மெஷினை ஏன் நிறுத்தணும்" என்றார். மருத்துவரிடம் எண்களைக் காட்டினேன். கருவாட்டைப் பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. மாத்திரையின் அளவு கூட்டப்பட்டது.

11. ஜூலை 11 அன்று காலை அவருக்கு வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை. ஏற்பாடு செய்தவள் நான். எதுவும் சாப்பிடக் கூடாது என்று தண்ணீரையும் எடுத்து உள்ளே வைத்தவளும் நான். கூட்டிய அளவு மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு, பேருந்துக்கு நேரம் இருக்கிறதென்று கடற்கரைக்குப் போனார். அன்று காற்றே இல்லை. இருபதாம் நிமிடம் கயிற்றை விட்டுவிட்டு மண்டியிட்டார், பிறகு சாய்ந்தார். இரண்டு வரிசைகளில் ஒன்று மட்டும் கயிற்றைப் பிடித்து நிற்க, மற்றவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து படகு நிழலில் கிடத்தினார்கள். சொர்ணம் அம்மாள் தம் முந்தானையால் விசிறினார். நான் அளந்தபோது இரத்த அழுத்தம் 98/60. ஐந்து நிமிடத்தில் கண் திறந்து, "வலை வந்துடுச்சா?" என்று கேட்டார்.

12. அன்று மதியமே தங்களுக்கு முதல் மனுவை எழுதினேன். என் பணிக்காலத்தில் ஆதாரம் இல்லாமல் முடிவு எழுதிய எத்தனையோ ஆய்வேடுகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த மனு அவற்றைவிட மோசம். படுத்திருந்த அவர் மூச்சை எண்ணிக்கொண்டே எழுதினேன் என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் இல்லை. மீனவர் அல்லாதவருக்கு மட்டும் தடை என்று எழுதுவதற்குப் பதிலாக, தமனிகள் எல்லாருக்கும் ஒன்றே என்ற நினைப்பில் வயதை மட்டும் எழுதினேன். தங்கள் பலகையிலும் அது அப்படியே வந்துவிட்டது.

13. அதன் விளைவாக அந்த வலையின் இருபத்திரண்டு பேரில் பதினொருவர் சட்டப்படி கயிற்றைத் தொடக் கூடாதவர்கள் ஆனார்கள். பலகையை நட வந்த தங்கள் பணியாளரிடம் திரு. லட்சுமணன் கேட்டது: "எனுக்கு அறுவத்தி நாலு. நானும் தொடக் கூடாதா? அப்ப நீ வந்து இழு, நைனா. வயசுப் பையனாத்தான் கீற." பணியாளர் நல்லவர். கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு, மீனவர்களை யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிப் போனார். அவருக்கும் பங்கு கொடுத்து அனுப்பினார்கள். ஆனால் எங்கள் குடியிருப்பிலிருந்து போய் இழுத்துவந்த ஐந்து பேரும், என் கணவரும் அவரைப் பார்த்துச் சேர்ந்த நால்வரும், நின்றுவிட்டோம். "நின்றுவிட்டோம்" என்று எழுதிவிட்டேன், நான் இழுத்ததில்லை. ஐம்பது நிமிடத்தில் கரை சேர்ந்த வலை இப்போது எண்பது நிமிடம் எடுக்கிறது.

14. ஜூலை 14 அன்று மருத்துவர் ஜெஸ்ஸி எங்களைப் பார்த்தார். என் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, மே மாதத்தில் வீட்டில் என்ன மாறியது என்று கேட்டார். பெருமையுடன் சொன்னேன். உப்பின் விகிதத்தையும் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னது: "மேடம், கயித்தை யார் நிறுத்தச் சொன்னது? கருவாட்டை நிறுத்துங்க." மாத்திரையைப் பழைய அளவுக்கு இறக்கினார். வெறும் வயிறும், புழுக்கமும், தண்ணீர் குடிக்காததும், கூட்டிய மாத்திரையும் சேர்ந்து அன்று அவரைச் சாய்த்தன என்றும், கயிறு இழுப்பது அவருக்குக் கிடைத்த நல்ல பயிற்சி என்றும் எழுதித் தந்திருக்கிறார் (இணைப்பு 1). மறுநாள் தங்கள் அலுவலகத்துக்கு வந்து மனுவைத் திரும்பப் பெற நினைத்தேன். அன்று கல்லூரியில் தேர்வுப் பணி. அதற்கு மறுநாள் பலகை வந்துவிட்டது. அதன் பிறகு இந்த மனுவை எழுத ஐந்து வாரங்கள் ஆயின. அதற்குக் காரணம் தேர்வுப் பணி அல்ல.

15. தடைக்குப் பின் அவர் இரத்த அழுத்தம் ஏறியது என்று எழுதினால் இந்த மனு வலுப்பெறும். ஆனால் அது உண்மையன்று. கருவாட்டை நிறுத்தியதால் 138/86-இல் நிற்கிறது. உண்மை வேறு இடத்தில் இருக்கிறது. ஓய்வு நாடித்துடிப்பு 72 ஆகிவிட்டது. இரண்டாம் மாடியில் நின்று கைப்பிடியைப் பிடிக்கிறார். சாலையில் நடக்கக் கூட்டிப் போனால் மறுபடியும் ஒன்பது மோட்டார்கள். தினமும் காலையில் அவராகவே கடற்கரைக்குப் போய், தங்கள் பலகைக்கு இந்தப் பக்கம், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார். அரசுப் பணியில் இருந்தவர். ஆணையை ஓர் அடிகூட மீறவில்லை. கயிறு நகரும்போது அவருடைய கால்கள் மட்டும் நின்ற இடத்திலேயே அடி வைக்கின்றன.

16. ஒரு நாள் நான் பொறுக்காமல், இப்படியொரு மனுவை எழுதியவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "யாரோ நல்லது நினைச்சுத்தான் எழுதியிருப்பாங்க. விடு" என்றார். அன்று கல்லூரிக்கு நான் விடுப்பு எடுத்தேன்.

17. நேற்று மாலை திரு. லட்சுமணன் வீட்டுக்குப் போய், மனு எழுதியது நான்தான் என்று அவரிடமும் சொர்ணம் அம்மாளிடமும் சொன்னேன். திரு. லட்சுமணன், "பக்கத்து ரிசார்ட்டுக்காரன்தான் எழுதிப் போட்டான்னு இத்தினி நாளா அவனத் திட்டிக்கினு கீறோம். அவனுக்குப் பொறை ஏறிக்கினே இருந்திருக்கும், பாவம்" என்றார். சொர்ணம் அம்மாள் சிரித்தார். அவர் சொன்னதை மாற்றாமல் தருகிறேன்: "புருஷன் மேல ஆச கீதுன்னா வூட்ல சொல்லணும். கவர்மெண்டுக்கா எழுதுவாங்க?" நான் என் உப்புக் கணக்கைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். "இந்தக் கையில ஒரு கை. அவ்ளோதான். இதுக்கா தராசு?" என்றார். இனிப் பங்கை மறுக்க வேண்டாம் என்றும், இரண்டு மீனை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தம் கூடையிலேயே போட்டுவிடலாம் என்றும் வழியும் சொன்னார். நான் ஐந்து வாரம் யோசித்தும் எட்டாத தீர்வு அது.

18. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தாங்கள் பரிவோடு செய்து தர வேண்டுகிறேன்.

(அ) பார்வை இரண்டில் கண்ட ஆணையை ரத்து செய்து, பலகையை அகற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கடல் கலங்கிவிடும் என்றும், அதன்பின் தை வரை கரைவலை இல்லை என்றும் திரு. லட்சுமணன் சொல்கிறார். மிஞ்சியிருப்பது ஆறு அல்லது ஏழு வாரங்கள். முதல் மனுவுக்குக் காட்டிய விரைவில் பாதி போதும்.

(ஆ) தடைக்குப் பதிலாக நிபந்தனைகள் விதிக்கலாம். வெளியிலிருந்து வந்து இழுப்பவர்கள் மருத்துவரின் ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும், ஏதேனும் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து வர வேண்டும், பேச முடியாத அளவு மூச்சு வாங்கினால் கயிற்றை விட வேண்டும். ஞாயிறுதோறும் கரையில் விரும்புவோர்க்கு இரத்த அழுத்தம் பார்த்துத் தர நான் பொறுப்பேற்கிறேன். திரு. லட்சுமணன் தமக்குத் தேவையில்லை என்கிறார். அவருக்கும் பார்ப்பேன்.

(இ) அனுமதி பெறுவோர் பட்டியலில் என் பெயரையும் சேர்க்க வேண்டும். மாதவிடாய் நிற்கும் பருவத்தைக் கடந்த பெண்களின் தமனிகளுக்கு இத்தகைய பயிற்சி ஆண்களுக்குப் போலவே பலன் தருகிறதா என்பது இன்னும் தெளிவாகவில்லை என்று படித்தேன். அதைக் காரணம் காட்டித்தான் இத்தனை மாதம் மணலில் உட்கார்ந்திருந்தேன். "நோட்டுப் புடிக்கற கையி கயிறு புடிக்காதா?" என்று சொர்ணம் அம்மாள் பலமுறை கேட்டிருக்கிறார். தமனிக்கு ஆகாவிட்டாலும் வேறு எதற்கேனும் ஆகும் என்று கருதுகிறேன்.

(ஈ) என் முதல் மனுவில் கணவரின் வயது ஐம்பத்தெட்டு எனக் குறித்துள்ளேன். அதை ஐம்பத்தேழு எனத் திருத்திக்கொள்ள வேண்டும். சொர்ணம் அம்மாள் சொன்னபடி, நேற்று இரவு உணவுக்கு முன் வீட்டில் சொல்ல வேண்டியதை வீட்டில் சொல்லிவிட்டேன். மனுவை எழுதியது யார் என்பதையும், ஏன் எழுதினேன் என்பதையும் சொன்னேன். இரண்டாவதைச் சொல்ல அதிக நேரம் ஆயிற்று. அவர் முழுவதும் கேட்டார். என் குறிப்பேட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பார்த்தார். பிறகு, "மனுவுல எனக்கு என்ன வயசு போட்டே?" என்று கேட்டார். சொன்னேன். "ஐப்பசி இன்னும் வரலையே" என்றார். அவருடைய மனக்குறை அது ஒன்றுதான்.

நாளைக் காலையும் அவர் பலகைக்கு இந்தப் பக்கம் நிற்பார். நான் அவர் அருகில் நிற்பேன். இருவரும் செருப்பைக் கழற்றிவிட்டே நிற்போம். தாங்கள் சொல்லும் நாளில் அந்தப் பக்கம் போக ஆயத்தமாக இருக்கிறோம்.

இடம்: பனைமேட்டுக்குப்பம்
நாள்: 20.08.2025

தங்கள் விரைவை மறவாத,
(ஒப்பம்) ச. கண்ணகி

இணைப்புகள்:
1. மருத்துவர் ஜெஸ்ஸி அவர்களின் சான்று, நாள் 14.07.2025.
2. இரத்த அழுத்தக் குறிப்பேட்டின் நகல், ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை.
3. திரு. லட்சுமணன் மற்றும் இருபத்தோரு பேரின் ஒப்புதல் கையொப்பங்கள். (ஒன்று தங்கள் பணியாளருடையது. அவராகக் கேட்டுப் போட்டார்.)